இறங்கும்போது இரண்டாம் கியர்

இதைத் தொடங்கி வைத்தது
கடவுள் அல்ல, ரேடியேட்டர்.
பழைய வண்டி, வாய்வரை சிலிண்டர்.
கொண்டப்பநாயக்கன்பட்டி தாண்டி
ஏற்காட்டு வளைவுகளில் மூச்சிரைத்து
பதிமூன்றாவதில் கொதித்துவிடும்.
மாதையன் குதித்து இறங்கிப்
பின்சக்கரத்துக்குக் கல் அணை கொடுப்பான்.
ஆறும்வரை அவனுக்குத் தூக்கம்.
எனக்கு எதுவுமில்லை.

அந்த எதுவுமில்லையில்தான்
முதன்முதலாக உட்கார்ந்தேன்.
பீடி பற்றவைக்க முடியாத சுமை.
போனில் சிக்னல் இல்லை.
கீழே சேலம்,
வெள்ளைக்கல் வெட்டிய குழிகள்
யாரோ மாவு கொட்டிவிட்டுப் போனதுபோல.
மூச்சு உள்ளே போவது கேட்டது.
நாற்பத்தொன்பது வருஷமாக
அது போய்க்கொண்டுதான் இருந்திருக்கிறது.

முதலாளி புது வண்டி எடுத்தார்.
இது கொதிப்பதில்லை.
பதிமூன்றில் நிறுத்தினேன்.
"என்னண்ணே, நல்லாத்தானே ஏறுது?"
"ஏறுது."
மாதையன் என்னைப் பார்த்தான்,
வண்டியைப் பார்த்தான்,
கல்லைத் தேடிப் போனான்.

பல நாள் ஒன்றும் நடக்காது.
டயர் தேய்மானம், மகளின் ஹாஸ்டல் பணம்,
போன வாரம் மச்சினன் சொன்ன ஒரு சொல்
எல்லாம் மலையேறி வந்து பக்கத்தில் உட்காரும்.
குரங்கு கண்ணாடியில் முகம் பார்க்கும்.
"பிரேக்டவுனாண்ணா?" என்று
பைக் பையன்கள் கேட்டுக்கொண்டே போவார்கள்.
சில நாள்,
எண்ணிச் சொன்னால் வருஷத்தில் ஐந்தாறு நாள்,
பனி வந்து வளைவை மூடும்.
அப்போது சுமை இல்லை, சாலை இல்லை,
உட்கார்ந்திருப்பவன் யாரென்று கேட்டிருந்தால்
எனக்குச் சொல்லத் தெரிந்திருக்காது.
அதற்காக உட்கார்ந்தால் மட்டும்
அது வருவதில்லை.

ஆடியில் ஒருநாள், பதினேழு நிமிஷம்.
ஒண்டிக்கடை டீக்கடையில் சொல்லிவிட்டேன்.
மாஸ்டர் வடிகட்டியோடு கை கூப்பினார்,
விளையாட்டுக்கு.
எனக்கு அது விளையாட்டாகத் தெரியவில்லை.

அன்று சாயங்காலம் குடோனில்
காலி சிலிண்டர் ஒன்று குறைந்தது.
மாதையனைத் திருடன் என்றேன்.
அவன் மகன் தூக்குவாளியோடு நின்றிருந்தான்.
சிலிண்டர் கேபினுக்குப் பின்னால்
தார்ப்பாய்க்குள் சாய்ந்து கிடந்தது.
மேலே பதினேழு நிமிஷம்.
கீழே அரை நிமிஷம்கூட ஆகவில்லை.

ராத்திரி தூக்கம் வராமல் கிடந்தபோது
தினமும் கடக்கிற மஞ்சள் பலகை கண்ணில் வந்தது:
ஏறிய கியரிலேயே இறங்கவும்.
ஏறத் தெரிந்தவன்தான் நான்.
இறக்கத்தில் நியூட்ரலில் தட்டி,
டீசல் மிச்சம் என்று
சும்மா உருண்டு வந்தவன்.
பிரேக் கருகும் வாடையை
இத்தனை நாளும்
வேறு யாரோ வண்டி என்று நினைத்திருக்கிறேன்.

மறுநாள் மன்னிப்புக் கேட்டேன்.
"சரிங்க" என்றான்.
அண்ணே இல்லை.

மூன்று நடை பேச்சில்லை.
பதிமூன்றில் நானே இறங்கிக் கல் வைத்தேன்.
கண்ணை மூடினால் தூக்குவாளி தெரிந்தது.
அதோடேயே உட்கார்ந்துவிட்டு
இரண்டாம் கியரில் இறங்கினேன்.
அடிவாரத்தில் மாற்றவில்லை.
குடோன் கேட்டில் காத்திருக்கும்போதும்
கணக்கு எழுதும்போதும்
வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதும்
உள்ளே அதே இரண்டு.
இஞ்சின் முனகுகிறது.
மெதுவாகத்தான் வர முடிகிறது.
பின்னாலிருந்து ஹாரன் அடிக்கிறார்கள்.
இடையில் ஒருமுறை,
ஒத்துக்கொள்கிறேன்,
பெட்ரோல் பங்க்கில் நழுவிவிட்டது.

நாலாவது நடை.
ஹேண்ட்பிரேக் போட்டுக்
கதவைத் திறப்பதற்குள்
பின்னால் கல் சக்கரத்தில் முட்டும் சத்தம்.
மாதையன் தூங்கப் போகவில்லை.
வெள்ளையடித்த தடுப்புச் சுவரில் ஏறி
ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தான்.
வண்டியின் மூக்கில் கை வைத்துப் பார்த்தேன்.
ஜில்லென்று இருந்தது.

"இருக்கட்டும்ணே" என்றான்,
என் பக்கம் திரும்பாமல்.
"ஆறட்டும்."